அரைமணி உட்காருகிற மெக்கானிக்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒரு வகை. வேலை முடிந்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறவன் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் அந்த ஊருக்கு ஒரே ஆள்தான் இருந்தான். அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுடைய அண்ணிக்கே சட்டென்று ஞாபகம் வராது. ஊருக்கு அவன் ‘அரைமணி’.

பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜின் வயிற்றுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். பனி கட்டாத ஃப்ரிட்ஜ் என்று சொல்லி விற்கிறார்களே, அதிலும் பனி கட்டத்தான் செய்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்டுகிறது, அவ்வளவுதான். ஃப்ரீஸரின் பின்சுவருக்குள் குளிர்ச் சுருள் இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய் அந்தச் சுருளின்மேல் வெள்ளையாகப் படிகிறது. அதை யாரும் உட்கார்ந்து சுரண்ட வேண்டாம் என்பதற்காக உள்ளே ஒரு சின்ன டைமரை வைத்திருக்கிறார்கள். பல மணி நேரம் ஓடி முடித்ததும் அந்த டைமர் கம்ப்ரஸரையும் விசிறியையும் நிறுத்திவிட்டு, சுருளுக்குக் கீழே இருக்கிற ஹீட்டருக்குக் கரண்டைத் திருப்பிவிடும். குளிர வைப்பதற்கென்றே பிறந்த பெட்டி அரைமணி நேரம் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். பனி உருகி, ஒரு குழாய் வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கிற தட்டில் சேரும். கம்ப்ரஸரின் சூட்டிலேயே அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். சூடு அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்ள, பொத்தான் அளவில் ஒரு தெர்மோஸ்டாட் காவலுக்கு நிற்கிறது. கெடு முடிந்ததும் டைமர் கம்ப்ரஸரை மறுபடி எழுப்பிவிடும். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை இது நடக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் அந்த டைமரில் இருக்கிற திருகை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்புவார்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம், ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இன்னொரு ‘டக்’, ஃப்ரிட்ஜ் ஓடும். மற்றவர்கள் இரண்டு தடவை டக்கிவிட்டு நடையைக் கட்டுவார்கள். நம் ஆள் முதல் டக்கோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தூங்க வைத்தவன் நான், அது தானாக எழுந்துகொள்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எப்படிப் போவது என்பது அவன் கட்சி. அந்த அரைமணி நேரமும் வாய் சும்மா இருக்குமா? பேசுவான். பேச வைப்பான். எந்த வீட்டில் யாருக்கு மூட்டுவலி, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவன் பிழைத்தான், ஆனால் நாற்பது நெருங்கியும் கல்யாணம் மட்டும் கூடிவரவில்லை.

அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். சோறு போடுகிற உரிமையில் அண்ணி அவனை விடாமல் சீண்டுவாள். எத்தனை வீட்டில் போய் அரைமணி அரைமணியாக உட்காருகிறீர்கள், ஒரு வீட்டில்கூடவா ஒரு பெண் கண்ணில் படவில்லை என்று கேட்பாள். அவன் சிரித்து மழுப்பிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்துகொள்வான்.

பட்டது கப்பல்காரர் வீட்டில்தான்.

கப்பல்காரர் சரக்குக் கப்பல்களில் காலமெல்லாம் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருக்காரர்கள் யாராவது தெரியாத்தனமாகக் கேப்டன் என்று கூப்பிட்டுவிட்டால் போச்சு. கேப்டன் மேலே நின்று வேடிக்கை பார்க்கிறவன், கப்பலை ஓட்டுகிறவன் கீழே எண்ணெயில் குளிக்கிறவன் என்று பாடம் எடுப்பார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இருப்பது ஒரே மகள். முன்னறையில் இரண்டு தையல் மெஷின்களைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட யூனிஃபார்மும் ஜன்னல் திரையும் தைக்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். தைத்த துணியைக் கொடுக்கப் பெரிய பையோடு அடிக்கடி வெளியே போய்விடுவாள். அப்போதெல்லாம் அப்பா ஹாலில் சாய்வு நாற்காலியில் தனியாக இருப்பார். நாற்காலிக்கு எதிரே சமையலறை வாசல். வாசலை ஒட்டி ஃப்ரிட்ஜ்.

முதல் தடவை போனபோது நிஜமாகவே கோளாறு இருந்தது. ஹீட்டர் எரிந்துபோய், பின்சுவர் முழுக்கப் பனி அடைத்துக்கொண்டு, கீழ்த்தட்டுக்குக் குளிர் இறங்காமல் பால் திரிந்துகொண்டிருந்தது. அவன் ஹீட்டரை மாற்றினான். கீழே முன்பக்கத் தகட்டைக் கழற்றி, டைமர் திருகைத் திருப்பி, டக் என்றதும் வழக்கம்போல உட்கார்ந்தான். கப்பல்காரர் முனகிக்கொண்டே எழுந்து வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இது என்ன, அது என்ன, இப்படித் திருப்பினால் என்ன ஆகும், இன்னும் திருப்பினால் என்ன ஆகும் என்று துளைத்து எடுத்தார். எஞ்சின் பார்த்த மனிதராயிற்றே என்று இவனும் ஒன்று விடாமல் சொன்னான். கேட்பதற்கு ஆள் கிடைத்தால் அவனுக்குக் கரும்பு தின்னக் கூலி மாதிரி.

அன்றைக்குத்தான் அந்தப் பெண் அவன் சட்டையைப் பார்த்தாள். இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் தெருமுனைக்குள் விழுந்துவிடும் என்று சொல்லி, ஊசி நூலோடு எதிரே வந்து நின்று, அவன் அசையாமல் நிற்க நிற்கத் தைத்துவிட்டாள். அரைமணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவன் அந்த ஒரு நிமிஷம் மூச்சே விடவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடாமல் ஆணியில் மாட்டி வைத்திருந்ததைப் பார்த்து அண்ணியே தெரிந்துகொண்டாள்.

சில வாரங்கள் கழித்து அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. மறுபடி பனி, மறுபடி திரிந்த பால். ஹீட்டரைச் சோதித்தான், நன்றாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தெர்மோஸ்டாட்டை மாற்றினான். அரைமணி உட்கார்ந்தான். கம்ப்ரஸர் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகத் தானே எழுந்து ஓடியது. மறு மாதம் மூன்றாவது அழைப்பு. டைமரையே புதிதாக மாற்றினான். நான்காவது அழைப்பும் வந்தபோது அவனுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு பெட்டி அவனை இப்படி முட்டாளாக்கியது கிடையாது.

அவன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தெரு வேறு கணக்குப் போட்டது. ஒரே வீட்டுக்கு ஒரே மெக்கானிக் திரும்பத் திரும்ப வருகிறான், வந்தால் அரைமணிக்குக் குறைந்து எழுந்திருப்பதில்லை, வீட்டில் கல்யாணமாகாத பெண். இவனே எதையோ கழற்றி வைத்துவிட்டுப் போகிறான், வேலியே பயிரை மேய்கிறது என்று எதிர்வீட்டுக்காரி ஆரம்பித்து வைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான்காவது தடவை கீழ்த்தகட்டைக் கழற்றியபோதுதான் அவன் அதைக் கவனித்தான். புது டைமரின் வெள்ளைப் பிளாஸ்டிக் திருகு, எலி கொறித்தது போல ஓரமெல்லாம் தேய்ந்து கிடந்தது. அவன் அதைத் திருப்பியது ஒரே ஒரு முறை, அதுவும் அகலமான ஸ்க்ரூ டிரைவரால். இது யாரோ மெல்லிய முனையால் பல நாள் திருப்பிய அடையாளம். டைமர் ஃப்ரிட்ஜை நிறுத்தும்போதெல்லாம் யாரோ இன்னொரு டக் திருப்பி ஓட விட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஹீட்டர் சூடாகக்கூட நேரம் கிடைத்திருக்காது. பனி ஒருநாளும் உருகியிருக்காது.

யார்? இந்த இடத்தில்தான் நம் ஆளின் மூளை தடம் புரண்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முனகுகிற பெரியவரை அவன் நினைத்தே பார்க்கவில்லை. மிச்சம் ஒரே ஒருத்திதான். ஃப்ரிட்ஜ் கெட்டால் யார் வருவார் என்று அவளுக்குத் தெரியும். வர வேண்டும் என்பதற்காகத்தான் கெடுக்கிறாள். இதை நினைத்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றும் தெரியாதவன் போலப் பனியை உருக்கி, தகட்டை மாட்டி, அன்றைக்கு அரைமணிக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டு வந்தான். அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, அடுத்த தடவை வாயைத் திறந்து பேசுங்கள் என்று அண்ணி ஊதிவிட்டாள்.

ஐந்தாவது அழைப்புக்கு அவன் இஸ்திரி போட்ட சட்டையில் போனான். தலையில் எண்ணெய் வழிந்தது. கதவைத் திறந்த மகளின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது, முகத்தில் சிரிப்பு இல்லை. அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். அவனை முன்னறைக்குள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

“சுத்தி வளைக்காம கேக்கறேன். நீங்களே ஏதாவது பண்ணி வச்சிட்டுப் போறீங்களா?”

அவன் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வசனத்துக்கு இங்கே வேலையே இல்லை. வேறு எவனாக இருந்தாலும் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருப்பான். இவன் நிறுத்துவானா?

“நான் இல்லைங்க. நீங்கதான்னு இல்ல நான் நெனச்சேன்.”

“நானா? நான் எதுக்குப் பண்ணணும்?”

எதற்கு என்று அவன் நினைத்தானோ அது அவன் முகத்திலும் எண்ணெயிலும் இஸ்திரியிலும் எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. காது மடல் வரை சிவந்தது. அது வெட்கமில்லை, கோபம்தான். தெருவில் பேசுவது பற்றாது என்று நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்களா, இன்றைக்கே வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன், பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

அவன் பையை எடுக்கவில்லை. அவள் கிடைக்கவில்லையென்றால்கூடத் தாங்கிக்கொள்வான். நல்ல பெட்டியைக் கெடுக்கிற திருட்டு மெக்கானிக் என்றும், பெண்பிள்ளையைப் பற்றித் தப்பாக நினைத்தவன் என்றும் அவள் மனதில் தங்கிவிட்டால் அதற்குப் பிறகு எந்த வீட்டில் போய் நிம்மதியாக உட்காருவது? டைமரின் திருகை யாரோ திருப்பிவிடுகிறார்கள் என்று சொல்லி, ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டான். நான் இன்றைக்கு எதையும் தொடப்போவதில்லை, ஸ்க்ரூ டிரைவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரிட்ஜ் எப்போது தானாக நிற்கிறதோ அதுவரை இந்த அறையிலேயே இருக்கிறேன், அதன் பிறகும் நான்தான் என்று தோன்றினால் போய்விடுகிறேன் என்றான். அவள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவன் துணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஒடுங்கிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

மதியம் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் ஒரு திரையை முடித்துவிட்டு அடுத்ததற்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த ‘ம்ம்ம்’ சட்டென்று நின்றது.

உடனே ஹாலில் நாற்காலி கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் சரசரவென்று போனது. முனகல் எதுவும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எழுந்து ஹால் வாசலுக்கு வந்தார்கள்.

கப்பல்காரர் தரையில் மண்டியிட்டிருந்தார். கீழ்த்தகட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனா போன்ற ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, காதைக் கதவில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பக்குவமாகத் திருப்பினார். டக். ஃப்ரிட்ஜ் மறுபடி உறுமியது. பெரியவர் கதவைத் தட்டிக் கொடுத்தார்.

“ஓடு ராசா, ஓடு.”

மகள் ‘அப்பா’ என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்த்ததில் குற்றவாளியின் களை கொஞ்சமும் இல்லை. மாறாகப் பெருமையாக இருந்தது. இவர் வந்து பழுது பார்த்துவிட்டுப் போகிறாரே தவிர, தினமும் இரண்டு மூன்று தடவை இது நின்றுபோகிறது, நான்தான் ஓட வைத்துக்கொண்டிருக்கிறேன், ராத்திரியில்கூட எழுந்து பார்த்துக்கொள்கிறேன், உனக்குத் தொந்தரவு வேண்டாமென்று சொல்லவில்லை என்றார். மெக்கானிக் உட்கார்ந்து பார்க்கிறபோது நிற்பது சோதனை, யாரும் இல்லாதபோது நிற்பது கோளாறு என்று அவராகவே முடிவு கட்டி வைத்திருந்தார்.

மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை மாதம் கொட்டிய பாலையெல்லாம் சொல்லித் திட்டினாள். இந்த மனிதரை என்னவெல்லாம் கேட்டுவிட்டேன் தெரியுமா என்று இன்னும் அதிகமாகத் திட்டினாள். பெரியவரின் முகம் மெல்ல மெல்ல இறங்கியது. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“கப்பல்ல எவ்வளவு சத்தம் இருந்தாலும் நாங்க தூங்கிடுவோம்மா. சத்தம் நின்னாதான் முழிப்போம். நடுக்கடல்ல எஞ்சின் நின்னா அடுத்து என்னன்னு யாருக்கும் தெரியாது. உங்கம்மா இருந்த வரைக்கும் இந்த வீட்ல பேச்சுச் சத்தம் இருந்துது. இப்ப நீ துணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா இது ஒண்ணுதான் ஓடுது. இதுவும் நின்னா எனக்கு என்னமோ பண்ணுது.”

மெக்கானிக்குக்கு இந்த இடத்தில் மார்தட்டிக்கொள்ள எல்லா உரிமையும் இருந்தது. அவனுக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பெரியவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதோடு என்னவோ பிடித்தும் போயிற்று. மகளிடமிருந்து தன் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கி, டைமரைச் சுற்றிக் கொண்டுவந்து முதல் டக்கில் நிறுத்தினான். வீடு அமைதியானது. பெரியவரின் கை தானாகக் கீழே போனது. அவன் அந்தக் கையைப் பிடித்து ஃப்ரீஸர் கதவருகே கூட்டிப்போனான்.

“கொஞ்சம் காதை வச்சுக் கேளுங்கய்யா. இது நிக்கலை.”

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் உள்ளே எங்கோ ‘சொட்’ என்றது. அடுத்து ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல், பனித்துளி சூடான ஹீட்டரில் விழுந்த சத்தம். பிறகு பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சலசலப்பு. பல மாதப் பனி, இறங்க ஆரம்பித்தால் கேட்க வேண்டுமா? கப்பல்காரரின் புருவம் உயர்ந்தது. உள்ளுக்குள்ளே வேலை நடக்குது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஓடுகிற நேரத்தில் செய்ய முடியாத வேலை, அதனால்தான் நின்று செய்கிறது என்று மெக்கானிக் சொன்னான். அப்படியா என்றார் பெரியவர். எங்கள் கப்பலிலும் கரைக்கு வந்தால்தான் பாய்லரைக் கழுவுவோம் என்றார்.

மகள் மூன்று நாற்காலி கொண்டுவந்து போட்டாள். மூன்றாவது தனக்கு. பெரியவருக்கு இன்னும் நிலைகொள்ளவில்லை. பார்வை அடிக்கடி டைமர் பக்கம் போய்வந்தது. பாய்லர் கழுவின கதையைச் சொல்லுங்களேன் என்று அவன் எடுத்துக் கொடுத்தான். ஒரு துறைமுகத்தில் பாய்லருக்குள் பூனை புகுந்துகொண்ட கதையில் ஆரம்பித்துப் பெரியவர் எங்கெங்கோ போனார். மகளே கேட்டிராத கதைகள் வந்தன. நடுவில் ஒரு இடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் அதைப் பார்க்காதது போலப் பார்த்தான்.

கதையின் நடுவே பெரியவர் நிறுத்தி, இது தினமும் இரண்டு மூன்று தடவை நிற்குமே, அப்போதெல்லாம் நான் கையைக் கட்டிக்கொண்டு எப்படித் தனியாக உட்கார்ந்திருப்பேன் என்று கேட்டார். அரைமணிதானே, அந்த நேரத்துக்கு நான் வந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவன் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

“மாசத்துக்கு ஒருதரம் வந்ததுக்கே தெரு அந்தப் பேச்சுப் பேசுச்சு. தினம் மூணு தரம் வந்து போனா என்ன பேசும்?” என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை.

“அப்ப வந்து போக வேண்டாம். இங்கயே இருந்துடட்டும்” என்றார் கப்பல்காரர், எஞ்சினுக்கு எண்ணெய் போடச் சொல்கிற குரலில்.

மெக்கானிக் தரையைப் பார்த்தான். மகள் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். நான் உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றாள். நானும் அப்படி நினைத்திருக்கக் கூடாது என்றான் அவன். அதற்கு அவள், நினைத்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்றாள். அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“உங்க அண்ணியை ஒருநாள் கூட்டிட்டு வாங்க” என்றாள். “அப்பாகிட்டப் பேசட்டும்.”

பெரியவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எழுந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவன் அண்ணன் என்ன வேலை பார்க்கிறார், அண்ணிக்கு எந்த ஊர், கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது, பழைய கப்பல்காரர்களில் யார் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று மூவரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். வெளியே தெருவிளக்குப் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் பெரியவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

“ஏம்பா, இன்னும் அது கிளம்பவே இல்லையே?”

மகள் எட்டி ஃப்ரிட்ஜ் கதவின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் மெல்லிய அதிர்வு.

“அது எப்பவோ ஓட ஆரம்பிச்சிடுச்சுப்பா.”